எலக்ட்ரிக் கிடாருக்கு வயர்லெஸ் மாட்டுறது எப்படி: ரிசீவர் வைக்கிற இடத்துலேருந்து பேட்டரி வரைக்கும்

கிடாருக்கு வயர்லெஸ் வாங்கிட்டு "நடுவுல கட் ஆகுதுங்க", "சவுண்டு கூர்மையாயிடுச்சு", "லேட்டா கேக்குது"ன்னு சொல்றவங்க நிறைய பேர பாக்குறேன். போய் பாத்தா முக்கால்வாசி நேரம் மெஷின் நல்லாத்தான் இருக்கும், ரிசீவர (கிடார்லேருந்து வர்ற சிக்னல வாங்குற பெட்டி) ஆம்புக்கு பின்னாடி தரையில போட்டு வச்சிருப்பாங்க, பக்கத்துலயே மிக்சரோட வைஃபை ரௌட்டர் ஓடிட்டு இருக்கும், அதுக்கும் கிடாருக்கும் நடுவுல ட்ரம்ஸ் செட்டும் ரெண்டு ஆளும் நிப்பாங்க. சரியா மாட்டத் தெரிஞ்சா நடுத்தர விலை செட்டே கச்சேரி முழுக்க தொல்லையில்லாம வேலை செய்யும், தெரியலன்னா எவ்வளவு விலை போட்டு வாங்குனதும் சோலோ நடுவுல கை விட்டுடும். அதனால எத வாங்குறதுங்கிறத விட எப்படி மாட்டுறது, எங்க வைக்கிறதுங்கிறதத்தான் இதுல அதிகமா சொல்லப் போறேன். எலக்ட்ரிக் கிடார், ஒரு ஆம்ப், நடுவுல கொஞ்சம் பெடல், இந்த செட்டப்ப மனசுல வச்சு எழுதுறேன், பேஸ் வாசிக்கிறவங்களுக்கும் பெரும்பாலும் இதேதான்.

வயர்லெஸ் எதுக்குன்னு கேட்டா எல்லாரும் மேடையில நடக்கலாம், ஓடலாம், கேபிள் கால்ல மாட்டாதுன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு அத விட பெரிய காரணம் ஷாக். கேபிள்ல வாசிக்கும்போது கிடாரோட கம்பி, பிரிட்ஜ் எல்லாம் ஆம்போட எர்த்தோட சேந்துதான் இருக்கு, ஆம்ப் ஒரு பிளக் பாயிண்ட்லயும் மைக் சிஸ்டம் வேற பிளக் பாயிண்ட்லயும் இருந்து அதுல ஒண்ணுக்கு எர்த் சரியில்லன்னா, கையில கம்பிய பிடிச்சிட்டு உதடு மைக்குல பட்ட உடனே கரண்ட் உங்க உடம்பு வழியா பாயும். 1972 மே மாசம் வேல்ஸ்ல ஸ்வான்சீ ஊர்ல ஸ்டோன் த க்ரோஸ் பேண்டோட கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி மேடையிலயே ஷாக் அடிச்சு செத்துப் போனார். 1976 டிசம்பர்ல ஃப்ளோரிடாவுல லேக்லேண்ட்ல கிஸ் பேண்டோட ஏஸ் ஃப்ரேலிக்கு எர்த் இல்லாத இரும்புக் கைப்பிடிய தொட்டு ஷாக் அடிச்சுது, அதுக்கப்புறம்தான் அந்த பேண்டு கென் ஷாஃபர் செஞ்ச வயர்லெஸ்ஸுக்கு மாறுச்சு. ஏசி/டிசியோட ஆங்கஸ் யங் அதே ஷாஃபர் சிஸ்டத்த அதோட சவுண்டுக்காகவே விரும்பி வச்சிருந்தார்ங்கிறது தனிக் கதை.

நம்ம ஊர் திருவிழா மேடை, ஜெனரேட்டர்ல ஓடுற லைட் மியூசிக் கச்சேரி, பழைய ஒயரிங் இருக்குற மண்டபம், இங்கெல்லாம் எர்த் எப்படி இருக்கும்னு வாசிக்கிறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. வயர்லெஸ் மாட்டுன உடனே கம்பிக்கும் ஆம்புக்கும் நடுவுல ஒயர் தொடர்பே இல்லாம போயிடுது, அதனால கிடார் வழியா ஷாக் அடிக்கிற பாதை அறுந்துடும். ஆனா ஒரு விஷயம் கவனிங்க, கோயில் மேடையிலயும் நிறைய சர்ச்லயும் செருப்ப கழட்டிட்டு வெறுங்காலோட நிப்போம், பெடல்போர்டுல இருக்குற இரும்பு பெடல் ஒவ்வொண்ணோட பாடியும் கேபிள் வழியா ஆம்போட எர்த்துலதான் இருக்கு, வெறுங்காலால மிதிச்சுட்டு மைக்க தொட்டா அதே ஆபத்து அங்கயும் இருக்கு. அதனால வயர்லெஸ் இருக்குன்னு தைரியமா இருந்துடாதீங்க, காலுக்கு ரப்பர் மேட் போடுங்க, மேடைக்கு ஏறுன உடனே சவுண்டுக்காரர்கிட்ட எர்த் செக் பண்ணச் சொல்லுங்க, ஒரு சாதாரண டெஸ்டர் கையில இருந்தா ஆம்ப் பாடியிலயும் மைக் தலையிலயும் வச்சு பாத்துடலாம். டெஸ்டர் எரிஞ்சா அந்த லைன சரி பண்ணாம தொடாதீங்க. எரியலன்னா அதோட முடிஞ்சுதுன்னும் இல்ல, மல்டிமீட்டர் இருக்குற எலக்ட்ரீஷியன் ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு வோல்ட் இருக்குன்னு அளந்து பாக்குறதுதான் உறுதி.

எந்த வகை உங்களுக்கு

பெரும்பாலும் மூணு வகைதான். ஒண்ணு, ரெண்டு பக்கமும் சின்ன பிளக் மாதிரி இருக்குறது, ஒண்ண, அதாவது சிக்னல அனுப்புற டிரான்ஸ்மிட்டர, கிடார் ஜாக்ல குத்தணும், இன்னொண்ண, அதாவது ரிசீவர, ஆம்ப்லயோ முதல் பெடல்லயோ குத்தணும், எக்ஸ்வைவ் யூ2, பாஸ் கம்பெனியோட டபிள்யூஎல்-20, என்யூஎக்ஸ் பி-5ஆர்சி எல்லாம் இந்த ரகம். ரெண்டாவது, டிரான்ஸ்மிட்டர் கிடார்லயோ இடுப்புலயோ ஸ்ட்ராப்லயோ இருக்கும், ரிசீவர் பெடல் வடிவத்துல போர்டுல உக்காந்துடும், ஷ்யூர் ஜிஎல்எக்ஸ்டி16, பாஸ் டபிள்யூஎல்-50 மாதிரி. மூணாவது, ஆம்புக்குள்ளயே ரிசீவர் இருக்குறது, பாஸ் கட்டானா-ஏர் அப்படித்தான், யமஹா டிஎச்ஆர்30-2 வயர்லெஸ் ஆம்ப்ல லைன் 6 ரிலே ஜி10 டிரான்ஸ்மிட்டர நேரா பேர் பண்ணிடலாம், அதாவது ஜோடி சேத்துடலாம். வீட்டுல, ரிகர்சல்ல வாசிக்கிறவங்களுக்கு முதல் வகையோ மூணாவதோ தாராளமா போதும். வாரா வாரம் மேடை ஏறுறவங்க, பெடல்போர்டு வச்சிருக்கிறவங்க ரெண்டாவது வகைக்கு போங்க, ஏன்னா ரிசீவர் எங்க இருக்கணும்ங்கிறது உங்க கையில இருக்கும், போர்டோட கரண்ட்லயே ஓடும், பாதி பேட்டரி கவலை போயிடும்.

அலைவரிசை விஷயம். இப்ப விக்கிறதுல பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டல், இந்தியா உட்பட கிட்டத்தட்ட எல்லா நாட்லயும் லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம், அதே காரணத்தால வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்துலதான் கூட்டம் போடும். அதுலேருந்து தப்பிக்க 5.8 கிகாஹெர்ட்ஸ்ல வர்ற செட்டுங்க இருக்கு, கூட்டம் கம்மி, ஆனா ஆள், சுவர் குறுக்க வந்தா 2.4ஐ விட சீக்கிரம் தடுமாறும். யூஹெச்எஃப் பெரிய கச்சேரிக்காரங்களோடது, தூரமும் போகும், உடம்பையும் நல்லா தாண்டும், ஆனா எந்தப் பட்டைய பயன்படுத்தலாம்ங்கிறது நாட்டுக்கு நாடு வேற. இத எதுக்கு சொல்றேன்னா அமெரிக்காவுலேருந்து சொந்தக்காரங்க யாராவது பழைய யூஹெச்எஃப் செட் சல்லிசா கிடைக்குதுன்னு கொண்டு வந்து கொடுப்பாங்க. அங்க 700 மெகாஹெர்ட்ஸ் பட்டைய 2010லயே வயர்லெஸ் மைக்குங்ககிட்டேருந்து எடுத்துட்டாங்க, 600ல பெரும்பகுதிய 2020 ஜூலையோட எடுத்துட்டாங்க, ரெண்டும் மொபைலுக்கு போயிடுச்சு, அதனாலதான் அந்த செட்டுங்க சல்லிசா வருது. நம்ம ஊர்லயும் 700ல 5ஜி ஓடுது. வேண்டாம்.

கிடார் ஜாக்க முதல்ல பாருங்க

வாங்குறதுக்கு முன்னாடி உங்க கிடாரோட ஜாக் எங்க இருக்கு, எந்த சாய்வுல இருக்குன்னு பாருங்க. லெஸ் பால் மாடல் கிடார்ல பக்கவாட்டுல இருக்கும், எந்த டிரான்ஸ்மிட்டரும் உக்காரும். ஸ்ட்ராட் மாடல்ல குழிஞ்ச படகு மாதிரி தட்டுக்குள்ள சாய்வா இருக்கும், தடியான பிளக் வகை டிரான்ஸ்மிட்டர் சிலது முழுசா உள்ள போகாது. டெலிகாஸ்டர்ல கிண்ணத்துக்குள்ள இருக்கும், அங்கயும் இதே கதை. எஸ்ஜி, 335 மாதிரி முன் பக்கத்துலயே ஜாக் இருக்குற கிடார்ல டிரான்ஸ்மிட்டர் முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கும், கை பட்டா ஜாக்கோட சேத்து பேந்துக்கும். இதுக்கெல்லாம் ஒரே மருந்து, ஒரு சாண் நீள கேபிள், ஒரு முனை ஆண் பின் ஒரு முனை பெண் சாக்கெட், டிரான்ஸ்மிட்டர ஸ்ட்ராப்ல கட்டிட்டு அந்த கேபிள ஸ்ட்ராப் பட்டனுக்கு பின்னாடி சுத்தி கொண்டு வந்து குத்திடுங்க. இதுக்கு இன்னொரு நன்மையும் உண்டு, ஆக்டிவ் பிக்கப் (கம்பியோட அதிர்வ சிக்னலா மாத்துற பாகம், பேட்டரியில ஓடுறது) இருக்குற கிடார்ல பேட்டரிய ஆன் பண்றதுக்காக ஸ்டீரியோ ஜாக் போட்டிருப்பாங்க, சில பிளக் வகை டிரான்ஸ்மிட்டர் அதுல நேரா குத்துனா கிர்ருன்னு இரையும், நடுவுல சாதாரண மோனோ கேபிள் போட்ட உடனே பல நேரம் அந்த இரைச்சல் நின்னுடும்.

ஜாக்கோட நட்டு தளர்வா இருக்கான்னும் பாத்துடுங்க. கேபிள் தொங்கும்போது அதோட எடையே பிளக்க ஒரு பக்கமா அழுத்தி பிடிச்சிட்டு இருக்கும், எடையில்லாத டிரான்ஸ்மிட்டர் போட்டதும் உள்ள இருக்குற ஸ்பிரிங் தகடு தேஞ்சிருந்தா டப்பு டப்புன்னு சத்தம் வரும், எல்லாரும் "வயர்லெஸ் டிராப் ஆகுது"ன்னு அதுமேல பழி போடுவாங்க. கையால டிரான்ஸ்மிட்டர லேசா ஆட்டிப் பாருங்க, ஆட்டும்போது மட்டும் சத்தம் வந்தா அது ஜாக்தான், கடையில கொடுத்து மாத்திடுங்க, சின்ன செலவு.

முதல் தடவ மாட்டும்போது

ஆம்ப்போட வால்யூம் ஜீரோவுல இருக்கணும், ட்யூப் ஆம்ப்னா ஸ்டாண்ட்பைல போடுங்க. கிடார் வால்யூமும் ஜீரோ. ரிசீவர ஆம்போட இன்புட்ல போடுங்க, பெடல் இருந்தா வரிசையில முதல் பெடலுக்கு முன்னாடி, ட்யூனருக்கும் முன்னாடி. எஃபெக்ட்ஸ் லூப்ல (சில ஆம்ப்ல பெடல் மாட்டுறதுக்குன்னு இருக்குற தனி சாக்கெட்) போடாதீங்க, அது கிடார் சிக்னலுக்கான இடம் இல்ல. ரிசீவர் ஆன் பண்ணுங்க, டிரான்ஸ்மிட்டர் ஆன் பண்ணுங்க, ரெண்டும் ஒண்ண ஒண்ணு பிடிச்சிடுச்சுன்னு லைட் காட்டுனதுக்கு அப்புறம்தான் ஆம்ப் வால்யூம மெதுவா ஏத்தணும். அணைக்கும்போது இதுக்கு நேர் தலைகீழ், முதல்ல ஆம்ப் அமத்துங்க, அப்புறம் டிரான்ஸ்மிட்டர், கடைசியில ரிசீவர். வரிசைய மாத்துனா சில செட்ல டமால்னு ஒரு சத்தம் ஸ்பீக்கருக்கு போகும், பெரிய சவுண்ட் சிஸ்டத்துல மைக் வச்சிருந்தா அது கேக்குறவங்க காதுக்கும் போகும்.

சேனல் தேடுறது செட்டுக்கு செட் வேற. பாஸ் டபிள்யூஎல்-20ல டிரான்ஸ்மிட்டர ரிசீவர்ல ஒரு பத்து செகண்டு குத்தி வச்சா அதுவே சுத்தி பாத்து காலியா இருக்குற சேனல எடுத்துக்கும், லைன் 6 ஜி10லயும் ரிசீவர்ல குத்துனா சார்ஜும் ஏறும் சேனலும் பாத்துக்கும். எக்ஸ்வைவ் யூ2ல நாலு சேனல்ல நீங்களே ஒண்ண எடுக்கணும், ரெண்டு பக்கமும் அதே நம்பர். தானா தேடுற செட் வச்சிருந்தீங்கன்னா வீட்டுல பண்ணுன பேரிங்கோட மேடைக்கு போய் அப்படியே வாசிக்காதீங்க. வீட்டுல காலியா இருந்த சேனல் மண்டபத்துல காலியா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, அங்க போய் ரிசீவர் நிக்கப் போற இடத்துல வச்சு மறுபடி தேட விடுங்க.

ரிசீவருக்கு பெடல்போர்டு கரண்ட் கொடுக்கும்போது அது எத்தனை மில்லி ஆம்பியர் கேக்குதுன்னு அடியில எழுதியிருக்கும், பாருங்க, சாதாரண ஓவர்டிரைவ் பெடல விட நிறைய இழுக்கும். ஒரே அடாப்டர்லேருந்து சங்கிலி மாதிரி எல்லா பெடலுக்கும் போற ஒயர்ல இத சேத்தா ங்கீ...ன்னு மெலிசா ஒரு டிஜிட்டல் இரைச்சல் வரும், கெயின் பெடல் போட்டா அது பெருசாகும். தனித்தனி அவுட்புட் இருக்குற பவர் சப்ளையில ஒரு அவுட்புட்ட இதுக்குன்னே ஒதுக்குங்க. அது இல்லன்னா ரிசீவர் பேட்டரியில ஓடுற வகையா இருந்தா பேட்டரியிலயே ஓட்டுங்க, சத்தம் போயிடும்.

சவுண்டு ஏன் கூர்மையாகுது

இந்தப் பகுதிய கொஞ்சம் பொறுமையா படிங்க, வயர்லெஸ் வாங்குனவங்க பாதி பேர் இதனாலதான் திருப்பி வித்துடறாங்க. கேபிளுக்குன்னு ஒரு கெபாசிட்டன்ஸ் (மின்சாரத்த கொஞ்சம் தேக்கி வைக்கிற தன்மை) இருக்கு, மீட்டருக்கு சுமார் 100 பிகோஃபாரட், 6 மீட்டர் கேபிள்னா 600. உங்க பிக்கப்புல இருக்குற காயிலும் இந்த கெபாசிட்டன்ஸும் சேந்துதான் கிடாரோட உச்ச ஸ்தாயி எங்க முடியணும்னு முடிவு பண்ணுது. இத்தனை வருஷமா நீங்க கேட்டு பழகுன உங்க கிடார் டோன்ல கேபிளும் ஒரு பங்கு. வயர்லெஸ் போட்டதும் பிக்கப்புக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவுல கேபிளே இல்ல, அந்த 600 பிகோஃபாரட் காணாம போயிடுது, மேல இருக்குற பளபளப்பு அப்படியே வெளிய வருது. சிங்கிள் காயில் ஸ்ட்ராட், டெலி வாசிக்கிறவங்களுக்கு பளிச்சுனு தெரியும். அது கெட்டுப் போன சவுண்டு இல்ல, எதுவும் இழக்காத சவுண்டு, காதுக்கு பழக்கமில்ல அவ்வளவுதான்.

இத சரி பண்ண வழி இருக்கு. பல செட்ல கேபிள் டோன்னு ஒரு ஸ்விட்சோ செட்டிங்கோ இருக்கும், கேபிள் நீளம் கூட எடுக்கலாம், டபிள்யூஎல்-20ல அது உள்ளயே எப்பவும் ஆன்ல இருக்கு, அது வேண்டாதவங்களுக்காக, அதாவது ஆக்டிவ் பிக்கப், அகூஸ்டிக் கிடார் வாசிக்கிறவங்களுக்காக டபிள்யூஎல்-20எல்னு தனியா ஒண்ணு விக்கிறாங்க, வாங்கும்போது அந்த கடைசி எழுத்த கவனிங்க. செட்டிங் எதுவும் இல்லாத டிரான்ஸ்மிட்டர்னா கிடார் டோன் நாப கொஞ்சம் இறக்குங்க, இல்லன்னா ஆம்ப்ல ட்ரெபிள், ப்ரெசன்ஸ் ரெண்டையும் கொஞ்சம் குறைங்க. ஒப்பிட்டு பாக்குறது எப்படின்னா, ஆம்ப க்ளீன்ல வச்சு, மொபைல ஆம்புக்கு முன்னாடி ஒரே இடத்துல வச்சு, நீங்க தினமும் பயன்படுத்துற கேபிள்ல ஒரு ஈ கார்டு, ஒரு சின்ன லீடு ரெக்கார்டு பண்ணுங்க, அடுத்து எதையும் தொடாம வயர்லெஸ்ல அதே. ரெண்டையும் ஹெட்போன்ல கேட்டுட்டு அப்புறமா நாப திருப்புங்க. காது நினைவுல வச்சிருக்குற சவுண்ட நம்பி செட் பண்ணாதீங்க.

அந்த ரெக்கார்டிங்லயே வால்யூமும் தெரிஞ்சுடும். ரிசீவர்ல லெவல் நாப் இருந்தா கேபிளோட அதே அளவுக்கு கொண்டு வந்து நிறுத்துங்க. கொஞ்சம் கூடுனா ட்யூப் ஆம்ப் சீக்கிரமா டிரைவ் ஆகும், கொஞ்சம் குறைஞ்சா ஓவர்டிரைவ் உயிரில்லாம இருக்கும், ரெண்டையும் ஆள்கள் "வயர்லெஸ் டோன் சரியில்ல"ன்னு தப்பா புரிஞ்சுக்குவாங்க. ஈஎம்ஜி மாதிரி சூடான ஆக்டிவ் பிக்கப்புன்னா டிரான்ஸ்மிட்டர்ல பேட் (சிக்னல குறைக்கிற ஸ்விட்ச்) இருந்தா போடுங்க, நல்லா அழுத்தி அடிச்சு பாத்து சிவப்பு லைட் எரியாத அளவுக்கு வைங்க. டிஜிட்டல்ல உள்ள நுழையுற இடத்துலயே கிளிப் ஆச்சுன்னா, அதாவது சிக்னல் தாங்குற அளவ தாண்டிடுச்சுன்னா, அது ட்யூப் உடையுற மாதிரி இனிமையா உடையாது, கொரகொரன்னு இருக்கும், அதுக்கப்புறம் ஆம்ப்ல என்ன பண்ணாலும் போகாது.

ஃபஸ் ஃபேஸ் மாதிரி பழைய வகை ஃபஸ் பெடல் வாசிக்கிறவங்களுக்கு மட்டும் நேரா சொல்லிடறேன், வயர்லெஸ்ஸுக்கு அப்புறம் அது பழைய மாதிரி இருக்காது. அந்த பெடல் கிடாரோட பிக்கப்ப நேரா தொட்டு வேலை செய்யுறது, கிடார் வால்யூம இறக்குனா க்ளீன் ஆகுற அந்த அழகே அதுலேருந்துதான் வருது. நடுவுல ரிசீவர் வந்துட்டா பெடலுக்கு பிக்கப் தெரியாது, லோ இம்பீடன்ஸ் சிக்னல்தான் தெரியும், சவுண்டு எரிச்சலா ஆகிடும், வால்யூம இறக்குனாலும் அந்த க்ளீன் வராது. பிக்கப் மாதிரி நடிக்கிற சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் பெடல்கள் இருக்கு, ரிசீவருக்கும் ஃபஸ்ஸுக்கும் நடுவுல போட்டா ஓரளவுக்கு சரியாகும். ஃபஸ்தான் உங்க உயிர்னா அந்தப் பாட்டுக்கு கேபிள்லயே வாசிங்க, நான் அப்படித்தான் சொல்லுவேன்.

ரிசீவர் எங்க இருக்கணும்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் 12 சென்டிமீட்டர் கிட்டத்தான், தண்ணி அத உறிஞ்சிடும், மனுஷ உடம்புல பெரும்பங்கு தண்ணி. இந்த ஒரு விஷயத்த புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா வரும். டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் கண்ணால பாத்தா ஒண்ணுக்கொண்ணு தெரியணும். உங்க முன்னாடி தரையில இருக்குற பெடல்போர்டு நல்ல இடம், ஏன்னா நீங்க எங்க நின்னாலும் பெரும்பாலும் முன் பக்கமா பாத்துதான் நிப்பீங்க, கிடார் போர்டுக்கு நேரா இருக்கும். ஆம்புக்கு பின்னாடி பேனல்ல குத்துறது மோசமான இடம், ஆம்போட இரும்பு சேசிஸும் ஸ்பீக்கர் காந்தமும் குறுக்க நிக்கும், நீங்க பார்வையாளர்கள பாத்து நிக்கும்போது உங்க உடம்பும் கிடார மறைக்கும். கோம்போ ஆம்ப்ல (ஸ்பீக்கரும் சேந்தே இருக்குற ஆம்ப்) முன்னாடி இன்புட் இருந்தா பரவால்ல, பின்னாடிதான் இருக்குன்னா ஒரு சின்ன கேபிள் போட்டு ரிசீவர ஆம்ப் மேல கொண்டு வந்து ஒரு டேப் போட்டு ஒட்டுங்க.

டிரான்ஸ்மிட்டர பேண்ட் பின் பாக்கெட்ல வைக்காதீங்க, அதுவும் போனோட சேத்து வைக்கவே வைக்காதீங்க. ஸ்ட்ராப்ல தோளுக்கு பின்னாடி மாட்டறத விட இடுப்புக்கு பக்கத்துல, ரிசீவர் இருக்குற பக்கமா மாட்டுங்க. ஆன்டெனா இருக்குற முனைய கையால மூடிடாம பாத்துக்கோங்க.

அடுத்தது நடந்து பாக்குறது. சவுண்ட் செக்ல ஒரு கார்ட பிடிச்சு விடாம அடிச்சுக்கிட்டே மேடையோட எல்லா மூலைக்கும் போங்க, முதுக திருப்பி நில்லுங்க, ட்ரம்ஸ் பின்னாடி போங்க, மேடைய விட்டு இறங்குற பழக்கம் இருந்தா இறங்கியும் பாருங்க. கட் ஆகுற இடத்துல தரையில டேப் ஒட்டி வைங்க, கச்சேரியில அந்தப் பக்கம் போக வேண்டாம். இதுல ஏமாந்து போற இடம் ஒண்ணு இருக்கு, சவுண்ட் செக் காலி மண்டபத்துல நடக்குது, ராத்திரி அதே இடத்துல நூத்துக்கணக்கான உடம்பும், ஒவ்வொரு பாக்கெட்லயும் வைஃபையும் ப்ளூடூத்தும் ஆன்ல இருக்குற போனும் வந்து உக்காரும். சாயங்காலம் 25 மீட்டர் கிடைச்சது ராத்திரி பாதிகூட கிடைக்காம போகலாம். அட்டையில போட்டிருக்குற தூரத்துல பாதிய உங்களோடதுன்னு வச்சு திட்டம் போடுங்க, அதுக்குள்ளயே வாசிங்க. கூட்டம் சேந்ததுக்கு அப்புறம் மேடை ஏறுறதுக்கு சற்று முன்னாடி மறுபடி சேனல் தேட விட்டா இன்னும் நல்லது.

எல்லாத்தையும் விட பெரிய எதிரி மேடையிலயே இருக்குற வைஃபை. இப்ப சின்ன கச்சேரிக்குகூட டிஜிட்டல் மிக்சர், அத டேப்லெட்ல கண்ட்ரோல் பண்றாங்க, பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 மாதிரி மிக்சர் உள்ளயே இருக்குற வைஃபை 2.4லதான் ஓடும், அந்த மிக்சர் பெரும்பாலும் மேடையில உங்க பக்கத்துலதான் இருக்கும். சவுண்ட் இன்ஜினியர்கிட்ட மரியாதையா கேளுங்க, "அண்ணே, ரௌட்டர வெளிய தனியா போட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திட முடியுமா"ன்னு. அவருக்கும் அதுதான் நல்லது, கூட்டம் வந்ததுக்கு அப்புறம் 2.4ல அவரோட டேப்லெட்டே தொடர்பு விட்டு போகும். உங்களோடது 5.8 செட்னா அப்ப ரௌட்டர் 5 கிகாஹெர்ட்ஸ்ல மேல இருக்குற 149லேருந்து 165 வரைக்குமான சேனல்ல இல்லாம 36லேருந்து 48க்குள்ள இருக்கணும், இதையும் அவர்கிட்ட சொல்லுங்க. எதுவும் முடியலன்னா ரௌட்டருக்கும் உங்க ரிசீவருக்கும் நடுவுல குறைஞ்சது மூணு நாலு மீட்டராவது இடைவெளி விடுங்க. பேண்டு ஆளுங்க எல்லாரும் மேடையில போன ஏரோப்ளேன் மோட்ல போட்டா அதுவும் உதவும்.

ரெண்டு கிடார், ஒரு பேஸ், எல்லாரும் 2.4 வயர்லெஸ்னா வேற வேற சேனல் எடுத்து, எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஆன் பண்ணி பாக்கணும், தனித்தனியா பாத்தா பிரச்சனை தெரியாது. நாலு செட்டுக்கு மேல போச்சுன்னா 2.4ல அடிச்சு பிடிக்காம கீபோர்டு பக்கத்துலயே நிக்குற ஆளு கேபிளுக்கு போயிடறது நல்ல முடிவு.

லேட்டா கேக்குதுங்கிற சந்தேகம்

டிஜிட்டல் வயர்லெஸ்ல தாமதம் உண்டு, ஆனா எவ்வளவு? டபிள்யூஎல்-20ல 2.3 மில்லி செகண்டுன்னு கம்பெனியே போட்டிருக்கு, ஜி10ல 2.9க்கும் கீழ, மலிவான செட்ல 5, 6 வரைக்கும் போகும். சத்தம் காத்துல ஒரு மில்லி செகண்டுல 34 சென்டிமீட்டர் கிட்ட போகும், அப்ப 3 மில்லி செகண்டுங்கிறது ஆம்ப்லேருந்து ஒரு மீட்டர் தள்ளி நிக்கிறதுக்கு சமம். அத யாராலயும் விரல்ல உணர முடியாது. ஆனா வயர்லெஸ் கிடைச்ச சந்தோஷத்துல ஆம்ப விட்டு 15 மீட்டர் தள்ளி போய் நின்னீங்கன்னா ஆம்ப் சத்தம் உங்க காதுக்கு வர 44 மில்லி செகண்டு ஆகும், ட்ரம்ஸோட தாளம் தள்ளி போற மாதிரி இருக்கும், அதுக்கு காரணம் வயர்லெஸ் இல்ல, காத்து. மேடையில தூரமா போறவங்க முன்னாடி மானிட்டர்லயோ இன்-இயர்லயோ (காதுக்குள்ள மாட்டுற மானிட்டர்) கிடார் கேக்குற மாதிரி வச்சுக்கணும்.

கவனிக்க வேண்டியது எல்லாம் சேரும்போது. வயர்லெஸ் ஒரு 3, மல்டி எஃபெக்ட்ஸ் ஒரு 2 இல்ல 3, டிஜிட்டல் மிக்சர் ஒண்ணு ரெண்டு, அதுக்கு மேல டிஜிட்டல் வயர்லெஸ் இன்-இயர் ஒரு 4, 5, மொத்தம் பத்த தாண்டிடும், வேகமா வாசிக்கிற கைக்கு அது லேசா இழுக்குற மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அப்படி இருந்தா ஒரு கண்ணிய வெட்டுங்க, இன்-இயர அனலாக் வகைக்கு மாத்தலாம், இல்ல ஒரே இடத்துல நிக்குற பாட்டுக்கு இன்-இயர ஒயர்லயே போடலாம். ப்ளூடூத் ஸ்பீக்கர ஆம்பா வச்சு வாசிக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு, வேண்டாம், அதுல தாமதம் நூறு மில்லி செகண்ட தாண்டும், பாட்டு கேக்கத்தான் அது.

பேட்டரியும் மத்ததும்

உள்ளயே பேட்டரி இருக்குற டிரான்ஸ்மிட்டர் எல்லாம் ரெண்டு மூணு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா நேரம் குறையும். அட்டையில எத்தனை மணி நேரம் போட்டிருந்தாலும் வருஷத்துக்கு ஒருக்கா வீட்டுல முழு சார்ஜ் போட்டு ஆன்ல விட்டு, எப்ப அணையுதுன்னு கடிகாரம் பாத்து எழுதி வச்சுக்கோங்க, சும்மா இருந்தா தூங்கிடுற செட்னா அப்பப்போ கம்பிய தட்டிட்டே இருக்கணும். அந்த நேரத்துல பாதிக்குள்ள உங்க கச்சேரி முடியணும். சவுண்ட் செக் முடிஞ்சு கச்சேரி ஆரம்பிக்க ரெண்டு மணி நேரம் இடைவெளி இருக்கும், அந்த நேரத்துல ஆன்லயே விட்டுடாம பவர் பேங்க்ல குத்தி வைங்க. டபுள் ஏ செல் போடுற வகைன்னா கச்சேரிக்கு கச்சேரி புதுசு போடுங்க, கழட்டுனத ரிகர்சலுக்கு வச்சுக்கலாம், பழசும் புதுசும் கலந்து போடாதீங்க. வியர்வை அதிகமா வர்றவங்க இடுப்புல மாட்டுற டிரான்ஸ்மிட்டருக்கு சின்ன துணி உறை போட்டுக்கோங்க, உப்பு தண்ணி ஸ்விட்சுக்குள்ள போனா சீக்கிரம் பழுதாகிடும்.

ஒரு நல்ல கேபிள் எப்பவும் ஆம்ப் மேல சுருட்டி இருக்கட்டும், சவுண்டுக்காரங்க பி-38ன்னு சொல்ற கால் இன்ச் பின் ரெண்டு பக்கமும் போட்டது, அது ட்யூனர் வரைக்கும் எட்டுற நீளமா இருக்கணும். வயர்லெஸ் நின்னு போச்சுன்னா பாட்டு நடுவுல பேரிங் பண்ண உக்காராதீங்க, ட்யூனர மியூட்ல போட்டு, ரிசீவர கழட்டிட்டு, கேபிள குத்தி, வாசிப்ப தொடருங்க, இத வீட்டுல கண்ண மூடி பண்ணி பழகிக்கோங்க. கச்சேரி முடிஞ்சு பேக் பண்ணும்போது டிரான்ஸ்மிட்டர கிடார்லேருந்து கழட்டிடுங்க, ஆக்டிவ் பிக்கப் கிடார்ல ஜாக்ல எது குத்தியிருந்தாலும் உள்ள இருக்குற 9 வோல்ட் பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும், அடுத்த நாள் எடுக்கும்போது டிரான்ஸ்மிட்டர் சார்ஜோட இருக்கும், கிடார் பேச்சில்லாம கிடக்கும்.